மஞ்சள் குடித்த ஆஸ்டின்

போன மாதம் நம் பள்ளிக்கூடச் செட்டு ஆட்கள் கூடினோமே, அப்போது துறைமுகத்தில் ரிட்டையரான நம் நண்பர் ஒருவர் வடையைக் கடித்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார். "அந்தக் காலத்து இங்கிலீஷ் கார் எல்லாம் சுத்த டப்பா. நம்ம ஊர் வெயில்ல பத்து மைல் போனா ஆவி கக்கும். பொம்பளைங்க கிட்டக்கூடப் போவ முடியாது." நீங்கள் எல்லாரும் தலையாட்டிச் சிரித்தீர்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சர்க்கரை வியாதிக்காரி, டீ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பீர்கள். டீ நன்றாகத்தான் இருந்தது. அங்கே நின்று கத்தியிருந்தால் கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பீர்கள், அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். முழுசாகப் படியுங்கள், அப்புறம் சிரிக்கத் தோன்றினால் சிரியுங்கள்.

எங்கள் வீட்டில் இருந்தது ஆஸ்டின் ஏ-நாற்பது. சூயஸ் கால்வாயை மூடின அறுபத்தேழாம் வருஷம் அது, நான் ஐந்தாம் வகுப்பு. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் எங்கள் சந்து. சந்துக்குள் வண்டி நுழையாது, முனையில் கார்ப்பரேஷன் குழாயடியில்தான் நிற்கும். அப்பா அதை வாடகைக்கு ஓட்டினார். மீட்டர் எல்லாம் கிடையாது. கல்யாணம், பிரசவம், சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு மூட்டை முடிச்சு என்று யார் வந்து கூப்பிட்டாலும் போவார்.

அந்த வண்டி எங்கே பிறந்தது என்று கேட்டால் நீங்கள் சீமை என்பீர்கள். பாதிதான் சரி. சாமான்கள் சீமையிலிருந்து மரப்பெட்டிகளில் நம் துறைமுகத்துக்கு வந்து இறங்கின. எண்ணூரில்தான் அதைப் பிரித்துக் காராகப் பூட்டினார்கள். நாம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அங்கே கார் வேலை நடந்தது, லாரி எல்லாம் பிறகு வந்தது. பெட்டிப் பலகையைக்கூட யாரும் வீணாக்கவில்லை. திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை எத்தனையோ வீட்டில் பெஞ்சு, கட்டில், கோழிக்கூண்டு எல்லாம் அந்தப் பலகைதான். எங்கள் கட்டிலின் கால்மாட்டில் கறுப்பு மையில் பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்து இருக்கும். 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதியிருப்பதாக அம்மா சொல்வாள். எழுத்து தலைகீழாக இருக்கும். எனக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் அந்தக் கட்டிலில் படுத்து, அந்த எழுத்துகளைத் தலையைத் தொங்கப்போட்டுப் படித்துக்கொண்டிருப்பேன். இப்போது கட்டிலும் இல்லை, பலகையும் இல்லை. கறையான் தின்றுவிட்டது.

வண்டி பாசி நிறம். குண்டுக் குழந்தையின் கன்னம் மாதிரி உப்பின மட்கார்டு, மூக்கின் மேல் இறக்கை வைத்துப் பறக்கிற 'ஏ' எழுத்து. அந்த 'ஏ'யைத் தினமும் சாம்பல் போட்டுத் துலக்குவது என் வேலை. இன்டிகேட்டர் என்று இப்போது விளக்கு மினுக்குகிறதே, அது அதில் கிடையாது. திரும்ப வேண்டுமானால் கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சு நிறக் கை ஒன்று டக்கென்று வெளியே நீளும். பாதி நேரம் நீளாது. அப்பா தூணில் உள்ளே இருந்து ஒரு குத்து விடுவார், உடனே நீண்டுவிடும். சிரியுங்கள், இதற்குச் சிரிக்கலாம்.

அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பது சந்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா வண்ணாரப்பேட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் மருந்து கலக்குகிற வேலையில் இருந்தாள். டாக்டரம்மாவிடம் ஒரு மாரிஸ் மைனர். பிரசவம் பார்த்துக் களைத்துப்போய்த் திரும்பும்போது தனக்குப் பதில் ஓட்ட ஆள் வேண்டும் என்று அந்த அம்மா இவளுக்குக் கற்றுக்கொடுத்து, லைசென்ஸும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அந்த மைனரைப் பற்றி அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லித் தீராத ஒரு கதை உண்டு. அதன் பம்பரின் நடுவில் ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு துண்டுத் தகடு இருக்குமாம். சீமையில் வண்டி எல்லாம் தயாராகி, பம்பரும் அடித்து அடுக்கிவைத்த பிறகு, வண்டியைச் செய்தவருக்கு வண்டியே ஒல்லியாக இருப்பதாகத் தோன்றிவிட்டது. நாலு அங்குலம் அகலப்படுத்திவிட்டார். அடித்துவைத்த பம்பரை என்ன செய்வது? நடுவில் வெட்டி, ஒரு துண்டை வைத்து இணைத்துவிட்டார்கள். "வெள்ளக்காரனும் நம்மள மாதிரிதான், ஜாக்கெட்டு பத்தலேன்னா ஒட்டுத்துணி வெச்சுத் தைக்கிறான்" என்று அம்மா சொல்வாள். எஞ்சினைப் பற்றியும் சொல்வாள். மைனரில் வால்வு எல்லாம் பக்கவாட்டில் இருந்ததாம், எங்கள் ஆஸ்டினில் தலைக்கு மேலே. அதனால் இதற்கு மூச்சு நன்றாக வரும் என்பாள். அப்பாவுக்கு இந்தப் பேச்சு பிடித்ததா பிடிக்கவில்லையா என்று எனக்குத் தெரியவே தெரியாது. கேட்டுக்கொண்டு பீடியை இழுப்பார்.

அந்த ஜூன் மாதம் ஒரு மத்தியானம் திருவொற்றியூர் ரயில்வே கேட்டில் வண்டி ஆவி கக்கி நின்றது. கேட் மூடியிருந்தது, பின்னால் ஒரு வரிசை லாரி. பாட்டரி வேறு செத்துக்கிடந்தது. அப்பா ஹேண்டிலை எடுத்து முன்னால் போய்ச் சுற்றினார். ஹேண்டில் அடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், சுற்றிப் பிடிக்கக் கூடாது. எஞ்சின் திருப்பி உதைத்தால் கை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அப்பாவுக்கு அது தெரியாததில்லை. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்த எரிச்சலில் இறுக்கிப் பிடித்துவிட்டார். சூடேறிக் கிடந்த எஞ்சின் ஒரே உதை. வலது மணிக்கட்டு முறிந்தது. விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்த ஆட்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து குழாயடியில் விட்டார்கள். அப்பா மாவுக்கட்டோடு வந்து சேர்ந்தார்.

மறுநாளே பெரியப்பா வந்துவிட்டார். அப்பாவின் அண்ணன். சரக்கு ஏற்றி இறக்குகிற ஒரு கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா, கோயில் திருவிழாக் கமிட்டியில் பெரிய ஆள். எங்களிடம் பேசும்போதுகூடக் கோயில் மைக்கில் பேசுகிற தமிழில்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் நம் ராயபுரம் வெளியே வந்துவிடும். அவர் கூட ஒரு மெக்கானிக்கும் வந்தார்.

மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீருக்குப் பதில் மஞ்சளாகக் கூழ். ஒரு குச்சியில் தோண்டி எடுத்து எல்லாருக்கும் காட்டினார்.

"எஞ்சின் பிளாக்கு விரிசல் வுட்டுகினு கீது நைனா. ஆயிலும் தண்ணியும் ஒண்ணா கலந்துகினு மஞ்சமஞ்சேள்னு ஆயிருச்சு பாரு. இது தேறாது. புதுப்பேட்டைக்கு எடைக்குப் போட்டுடு."

"உதிரி பாகங்கள் வரவழைக்க இயலாதா?" என்றார் பெரியப்பா.

"எங்கேர்ந்து வரும்? கால்வாய மூடிட்டானுங்கோ. கப்பலு ஆப்பிரிக்காவச் சுத்திகினு வரணும். அதுக்குள்ள இது துருப்புடிச்சுப் பூடும்."

பெரியப்பா அப்பாவின் தோளில் கை வைத்து, புதுப்பேட்டையில் தனக்கு ஒரு புரோக்கரைத் தெரியும் என்றார். நான் பறக்கிற 'ஏ'யைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது போய்விடும் என்றுதான் எனக்கு அழுகை வந்தது, வண்டியைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

அம்மா குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கையில் சோப்பு நுரையோடு எழுந்து வந்தாள்.

"ஆயில் குச்சிய இழுத்துப் பாத்தியாப்பா? தண்ணி கலந்திருந்தா ஆயிலும் மோரு மாதிரி வெளுத்திருக்கணுமே."

"உனக்கு இன்னாத்துக்கும்மா இதெல்லாம்?" என்றார் மெக்கானிக்.

அம்மாவே குச்சியை இழுத்தாள். ஆயில் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. அதைப் பெரியப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு அருகே நீட்டிக் காட்டினாள், அவர் ஓரடி பின்னால் போனார். அப்புறம் ரேடியேட்டரிலிருந்து அந்த மஞ்சள் கூழைக் கையால் வழித்து முகர்ந்து பார்த்தாள். நேரே துவைக்கிற கல்லுக்குப் போனாள். கூழைக் கல்லில் அப்பி, சோப்புக் கட்டியை எடுத்து அதன் மேல் தேய்த்தாள். எங்கள் கண்ணெதிரே மஞ்சள் சிவந்தது. செங்கல் நிறமாகி, ரத்தச் சிவப்பாகிவிட்டது.

"எந்த ஊரு ஆயிலு சோப்பு பட்டா செவக்கும்? மஞ்சத்தூளுய்யா இது!"

உங்களில் பெண்பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளைத் துணியில் குழம்பு கொட்டி, அதில் சோப்புப் போட்டால் என்ன ஆகும் என்று தெரியும். ஆண்பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: சிவப்பாகிவிடும், அதுதான் மஞ்சள். அந்தக் காலத்து டிரைவர்கள் ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைப் போடுவார்கள். அது போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், ஒழுகல் நிற்கும். ஒரு சிட்டிகை என்றால் சரி.

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா துணிக்கொடியைப் பார்த்தார்.

"ஒழுகிகினே இருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் போட்டேன்" என்றார்.

"கொஞ்சமா? டப்பா டப்பாவா காலியாச்சே! எலி திங்குதுன்னு நானு பொறி வெச்சேன். மஞ்சளு இல்லாம மீன் கொழம்ப வெள்ளையா தின்னீங்களே, அப்பக்கூட வாயத் தொறக்கலியா?"

மெக்கானிக் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் பெரியப்பா, மஞ்சளோ ஆயிலோ, ஓட்ட ஆளில்லாத வண்டி எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் போனார். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ரேடியேட்டர் வெளியே வந்துவிட்டது. வண்ணாரப்பேட்டையில் துணி வெளுக்கிறவர்களிடமிருந்து சோடா வாங்கிவந்து, வெந்நீரில் கரைத்து ஊற்றி ஊறவைத்தாள். பிறகு கீழ்க் குழாயில் தண்ணீரை விட்டு மேல் வாயால் கக்க வைத்தாள். ஐயோ, அந்தச் சிவப்பு! குழாயடியிலிருந்து சாக்கடை வரைக்கும் சிவப்பாக ஓடியது. எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து, "யாரு வூட்ல இன்னாத்த வெட்டனீங்க?" என்று கத்தினார். கக்கக் கக்கக் களிமண் மாதிரி வந்தது. அது வடிந்ததும் புளித்தண்ணீர். பித்தளை அண்டாவுக்குப் போடுகிற அதே புளிதான். நம் பக்கத்து உப்புத்தண்ணீர் உள்ளே படியவைத்த சுண்ணாம்பை அது கரைத்தது. ஓட்டையைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் அடைத்துக் கொடுத்தார். புளியும் சோடாவும் ரப்பரும் வெந்நீரும் கலந்த அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அம்மாவை நான் மந்திரவாதியாக்கப் பார்க்கவில்லை. முதல் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு கல்மண்டபம் போய்ச் சேர்வதற்குள் மறுபடி ஆவி. இறங்கிப் பார்த்தால் ரேடியேட்டரின் அடிக்குழாயை அவள் மூடவே இல்லை, வழியெல்லாம் தண்ணீர் கோலம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சோடாக்கடையில் தண்ணீர் வாங்கி ஓடி வந்தேன்.

அவள் ஓட்ட ஆரம்பித்ததும் வாடகைக்காரர்கள் வரவில்லை. பொம்பளை ஓட்டுகிற வண்டியில் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப யாருக்கும் துணிவில்லை. சரி, அதோடு முடிந்தது என்று பெரியப்பா நினைத்திருப்பார். அப்போதுதான் காசிமேட்டு அக்கா வந்தாள்.

காசிமேட்டு அக்கா எங்கள் சந்துக்கு மீன் கொண்டுவருகிறவள். குரல் கலங்கரை விளக்கம் வரைக்கும் கேட்கும். ஒரு நாள் காலை பஸ் கண்டக்டர் அவளை நடு ரோட்டில் இறக்கிவிட்டிருந்தார், கூடை நாறுகிறது என்று. கூடை கவிழ்ந்து பாதி மீன் புழுதியில். அவள் குழாயடியில் உட்கார்ந்து மீனைக் கழுவிக்கொண்டே அந்தக் கண்டக்டரின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கேட்டுக்கொண்டே நின்றாள்.

"எங்க போவணும்?"

"திருவொத்தியூரு மார்க்கெட்டு."

"ஏறு."

"கூடையோடவா?"

"கூடைக்கோசரம்தான் கேக்கறேன், ஏறு."

அதற்குப் பிறகு விடிகாலையில் காசிமேட்டில் ஏலம் முடிந்ததும் அம்மா அங்கே நிற்பாள். பின் சீட்டில் கோணி விரித்து மூன்று நான்கு பெண்கள், மடியில் கூடை, டிக்கியில் கூடை, கயிறு கட்டி மேலே ஒரு கூடை. பெண்கள் கூலியைப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். எல்லாரும் சேர்ந்து பேசுகிற சத்தத்தில் எஞ்சின் சத்தம் கேட்காது. திரும்பி வந்து அம்மா வண்டியைக் கழுவுவாள். எவ்வளவு கழுவினாலும் சீட்டுக்கு அடியில் எங்காவது ஒரு இறால் ஒளிந்திருக்கும், மறுநாள் தன் இருப்பைத் தெரிவிக்கும். நான் அந்த வண்டியில் பள்ளிக்கூடம் போய் இறங்கினால் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். உங்களில் இரண்டு மூன்று பேரும் பிடித்துக்கொண்டீர்கள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் கதவை வேண்டுமென்றே டமால் என்று சாத்திவிட்டு நடப்பேன்.

அப்பா பேசாமல் இருந்தார், அதுதான் வீட்டில் பெரிய பாரம். மாவுக்கட்டோடு வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். அம்மா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும்போது எழுந்து உள்ளே போய்விடுவார். அவருக்கு அவமானம் என்று அம்மா நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்து முறுக்குகிற பலம் இனி வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

பெரியப்பா விடவில்லை. வாரா வாரம் வருவார். "ஆங்கிலேயனே போய்விட்டான், அவனுடைய பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்? நமது நாட்டு அம்பாசடர் வந்துவிட்டது" என்பார். அவர் கம்பெனியில் முதலாளிக்கு ஒரு அம்பாசடர் இருந்தது. அதைப் பற்றிப் பேசும்போது அவருக்கு முகமே மலரும். பாவம், அவருக்குத் தெரியாது. எனக்கும் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அம்பாசடரின் உடம்பு சீமையில் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்று ஓடினதுதான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஜென்மப் பகையாளிகளாக இருந்த மாரிஸும் ஆஸ்டினும் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டார்கள், அதன் பிறகு மாரிஸ் உடம்புக்குள் ஆஸ்டின் வழி எஞ்சின் ஏறியது. எங்கள் ஏ-நாற்பது எஞ்சினை வைத்து வளர்த்துச் செய்த எஞ்சின் அது. நம்ம நாட்டு வண்டி என்று அவர் தடவித் தடவிப் பார்த்த பானெட்டுக்குள் எங்கள் மீன் வண்டியின் தம்பிதான் உட்கார்ந்திருந்தான். இதைச் சொல்லி அவர் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

செப்டம்பரில் திருவிழாக் கொடி ஏறியது. கடைசி ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் வண்டி மந்திரிப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? லாரி, ஸ்கூட்டர், சைக்கிள் ரிக்‌ஷா, தள்ளுவண்டி எல்லாம் மாலை போட்டுக் கோயில் வாசலில் வரிசையாக நிற்கும். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். மந்திரிக்காத வண்டியில் ஏற நம் ஜனங்கள் பயப்படுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை புதுப்பேட்டை புரோக்கரை வரச் சொல்லியிருப்பதாக முந்தின நாள் பெரியப்பா அப்பாவிடம் சொன்னார். "பார்க்கலாம்ணா" என்றார் அப்பா. அம்மா அடுப்படியில் நின்று அதைக் கேட்டாள். வண்டி அப்பா பேரில் இருந்தது. அவர் தலையாட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நான் அப்பாவோடு கோயில் வாசலில் நின்றேன். மாவுக்கட்டு பிரித்திருந்தார்கள், அவர் வலது கை சூம்பிப்போய் வெளுத்திருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சாமியார் வரிசையின் பாதிக்கு வந்திருந்தபோது ஆஸ்டின் திருப்பத்தில் தெரிந்தது. ஆரஞ்சுக் கை சரியாக நீண்டிருந்தது. மூக்கில் ஒரு செவ்வந்தி மாலை. உள்ளே காசிமேட்டு அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும், கூடைகளும். திருவிழாவுக்கு ஊரெல்லாம் விருந்தாளி, மீனுக்குக் கிராக்கியான நாள். அம்மா நேராக வந்து வரிசையில் கடைசி வண்டிக்குப் பின்னால் நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை.

பெரியப்பா கமிட்டி பேட்ஜோடு ஓடி வந்தார்.

"இது மாதாவின் சந்நிதி. மீன் கவிச்சியோடு வரிசையில் நிற்கலாகாது. ஓரமாக எடு."

காசிமேட்டு அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "இன்னா கவிச்சி? எங்க ஆளுங்கோ மொதப் புடி மீன மாதாவுக்குக் காணிக்கயா குடுக்கறப்போ கவிச்சி அடிக்கலியா? சாயந்தரம் தேர இழுக்கப் போறது யாரு? உங்க ஆபீஸ் கிளார்க்குங்களா?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. சாமியார் தீர்த்தச் செம்போடு வந்து நின்று, கமிட்டியையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்:

"தெளிக்கறதுன்னா தெளிங்க சாமி. இல்லாங்காட்டி வழி வுடச் சொல்லுங்க. வெயிலு ஏறுது, மீனு கெட்டுப்பூடும்."

இத்தனை வயசாகியும் அந்தக் குரலை நினைத்தால் எனக்கு முதுகு நிமிர்ந்துகொள்கிறது.

பெரியப்பாவின் கோயில் தமிழ் அந்த இடத்தில் உதிர்ந்துபோயிற்று. அப்பா பக்கம் திரும்பிக் கத்தினார். "டேய் தம்பி, போதும்டா! குடும்ப மானம் சந்தி சிரிக்குது. தோ, புதுப்பேட்ட ஆளு வந்து நிக்கறான். வண்டி உன் பேர்லதானே கீது? போய் சாவிய வாங்கிக் குடு."

அப்பா என் கையை விட்டுவிட்டு நடந்தார். ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் வருவதை அம்மா கண்ணாடி வழியே பார்த்தாள். அவள் கை சாவியின் மேல் போய் இறுக்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அப்பா முன் ஜன்னலுக்குப் போகவில்லை. அதைத் தாண்டிப் பின் கதவுக்குப் போனார். இடது கையால் கதவைத் திறந்தார்.

"கூடைய கொஞ்சம் நவுத்தும்மா" என்றார் காசிமேட்டு அக்காவிடம். "நானும் குந்திக்கறேன்."

அக்கா ஒரு நொடி முழித்துவிட்டு, கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா அந்த வெள்ளை வேட்டியோடு ஈரக் கோணியின் மேல் உட்கார்ந்தார். நான் ஓடிப்போய் அவர் காலடியில் இருந்த இடத்தில் நுழைந்துகொண்டேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கியரைப் போட்டாள்.

"கதவ நல்லா இழுத்துச் சாத்துங்க" என்றாள். "பாதி ரோட்ல தொறந்துக்கும்."